வீட்டுக்கு வீடு ஆர்.ஓ. இயந்திரம் – அவசியந்தானா?



ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. உங்கள் வீட்டு வாசலில் மணி ஒலிக்கிறது. கழுத்தில் டை கட்டிய இளைஞர் ஒருவர் தோளில் பையுடன் நிற்கிறார். "உங்கள் வீட்டுத் தண்ணீரை இலவசமாகப் பரிசோதித்துக் காட்டுகிறோம், அம்மா. எதையும் வாங்க வேண்டியதில்லை, பார்த்தால் போதும்" என்கிறார். அம்மா இரண்டு கண்ணாடி டம்ளர்களைக் கொண்டுவந்து வைக்கிறார். ஒன்றில் உங்கள் வீட்டுக் குழாய்த் தண்ணீர். மற்றொன்றில் அவர் புட்டியில் கொண்டுவந்த ஆர்.ஓ. தண்ணீர். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெளிவாக இருக்கின்றன.

இளைஞர் பையிலிருந்து ஒரு சிறு கருவியை எடுக்கிறார். அதில் நான்கு உலோகக் கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. டம்ளருக்கு இரண்டாக அவற்றை நீரில் அமிழ்த்தி, சுவிட்சைப் போடுகிறார். இரண்டே நிமிடம்! குழாய்த் தண்ணீர் மஞ்சளாகிறது, பிறகு பழுப்பாகிறது, மேலே அழுக்கு நுரை திரள்கிறது. ஆர்.ஓ. தண்ணீரோ தெளிவு மாறாமல் அப்படியே இருக்கிறது.

"பார்த்தீர்களா அம்மா, இத்தனை நாளும் பிள்ளைகள் இதைத்தான் குடித்திருக்கிறார்கள்."

அம்மாவின் முகம் வாடிவிடுகிறது. அன்று இரவே வீட்டில் பேச்சு தொடங்குகிறது. விலை 15,000 ரூபாய், தவணையிலும் கொடுக்கலாமாம். அப்பா பண்டிகைக்கென ஒதுக்கி வைத்த பணத்தைக் கணக்குப் பார்க்கிறார்.

இது கற்பனைக் காட்சிதான். ஆனால் இதே போன்ற செய்முறை எத்தனையோ வீடுகளில் நடந்திருக்கிறது. இந்த நேரத்தில் வீட்டில் வாய் திறக்க வேண்டியவர் யார் தெரியுமா? நீங்கள்தான்! ஏனெனில் அந்த டம்ளரில் நடந்தது என்ன என்பது உங்கள் வேதியியல் பாடத்தில் இருக்கிறது.

டம்ளரில் நடந்தது என்ன?

கருவியின் கம்பிகள் இரும்பாலும் அலுமினியத்தாலும் ஆனவை. குழாய்த் தண்ணீரில் கால்சியம், மக்னீசியம், சோடியம் முதலியவற்றின் உப்புகள் இயல்பாகவே சிறிதளவு கரைந்திருக்கின்றன. அவை அயனிகளாகப் பிரிந்திருப்பதால் அந்த நீர் மின்சாரத்தைக் கடத்துகிறது. மின்னோட்டம் பாயும்போது நேர்மின்வாயாக உள்ள இரும்பு சிறிது சிறிதாகக் கரைந்து நீருக்குள் வருகிறது. எதிர்மின்வாயில் ஹைட்ரஜன் குமிழியிடுகிறது. அங்கே ஹைட்ராக்சைடு அயனிகள் உண்டாகின்றன. இரும்பும் ஹைட்ராக்சைடும் சேர்ந்து வீழ்படிவாகி, காற்றிலுள்ள ஆக்சிஜனால் துருவின் நிறத்தைப் பெறுகின்றன. ஹைட்ரஜன் குமிழிகள் அதை மேலே தூக்கி நுரையாக்குகின்றன.

அதாவது, அம்மா பார்த்த அழுக்கு தண்ணீரில் இருந்தது அன்று, கம்பியிலிருந்து வந்தது!

ஃபாரடேயின் விதியைக் கொண்டு கணக்கிட்டுப் பாருங்கள். ஓர் ஆம்பியர் மின்னோட்டம் ஒரு நிமிடம் பாய்ந்தால் ஏறக்குறைய 17 மில்லிகிராம் இரும்பு கரைந்து வரும். ஒரு டம்ளர் நீரைக் கலங்கடிக்க இது தாராளம்.

அப்படியானால் ஆர்.ஓ. தண்ணீர் ஏன் கலங்கவில்லை? அதில் உப்புகள் மிகமிகக் குறைவு. ஆகவே அது மின்சாரத்தைச் சரியாகக் கடத்துவதில்லை. மின்னோட்டம் இல்லை, எனவே இரும்பும் கரையவில்லை. இதைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. ஆர்.ஓ. தண்ணீரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டு மறுபடியும் கம்பிகளை அமிழ்த்தச் சொல்லுங்கள். குழாய்த் தண்ணீரைவிட வேகமாக அது பழுப்பாகும். ஒரு சிட்டிகை உப்பு தண்ணீரைச் சாக்கடை ஆக்கிவிட்டதா, என்ன?

நீங்களே செய்து பார்க்க விரும்பினால், ஆசிரியர் உடனிருக்க, 9 வோல்ட் மின்கலம் ஒன்றையும் இரண்டு இரும்பு ஆணிகளையும் பயன்படுத்துங்கள். ஆணிகள் ஒன்றையொன்று தொடக்கூடாது. கால் மணி நேரம் பொறுமை வேண்டும். விற்பனையாளரின் கருவி வீட்டு மின்சாரத்தில் இயங்குவது. அதுபோல ஒன்றைச் செய்ய ஒருநாளும் முயலாதீர்கள். உயிருக்கே ஆபத்து. சோதித்த நீரைக் கொட்டிவிடுங்கள்.

எண் காட்டும் பேனா

"கம்பி வித்தை பழைய கதை. இப்போது அவர்கள் மீட்டரால் அளந்தே காட்டுகிறார்களே!" என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். பேனா போன்ற அந்தச் சிறு கருவியை நீரில் அமிழ்த்தினால் 350 என்றோ 420 என்றோ ஓர் எண் தோன்றும். ஆர்.ஓ. தண்ணீரில் அமிழ்த்தினால் 30 என்று காட்டும். எண் சிறியதாக இருந்தால் நீர் நல்லது என்று நமக்குத் தோன்றிவிடுகிறது.

அந்த எண்ணுக்கு டி.டி.எஸ். என்று பெயர். நீரில் கரைந்துள்ள திடப்பொருள்கள் மொத்தம் எவ்வளவு என்பதை லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று அது சொல்கிறது. உண்மையில் பேனா அளப்பது நீரின் மின்கடத்தும் திறனை மட்டுமே. அதை ஒரு குறிப்பிட்ட எண்ணால் பெருக்கி விடையைக் காட்டுகிறது. கரைந்திருப்பது நல்லதா கெட்டதா என்பது அதற்குத் தெரியாது.

ஓர் இளநீரை வெட்டி அதில் அந்தப் பேனாவை அமிழ்த்துங்கள். எண் ஆயிரத்தைத் தாண்டி ஓடும். ஒரு லிட்டர் இளநீரில் பொட்டாசியம் மட்டுமே ஏறக்குறைய 2 கிராம் இருக்கிறது. அதற்காக இளநீரை யாராவது கொட்டிவிடுவார்களா? மாறாக, கூரையிலிருந்து வழியும் மழைநீரைப் பிடித்து அளந்தால் எண் மிகச் சிறியதாக இருக்கும். அந்தக் கூரையில் பறவையின் எச்சமும் அதிலுள்ள கிருமிகளும் இருந்தாலும் பேனா ஒன்றும் சொல்லாது.

இன்னும் ஒன்று. குடிநீரில் ஆர்செனிக் லிட்டருக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது. நமது பேனாவோ ஒரு மில்லிகிராமுக்குக் குறைந்த மாற்றத்தைக் காட்டவே காட்டாது. ஆர்செனிக் பத்து மடங்கு கூடியிருந்தாலும் அதற்குத் தெரியப்போவதில்லை. துணிக்கடை முழக்கோலால் தலைமுடியின் கனத்தை அளக்க முடியுமா?

சரி, டி.டி.எஸ். எவ்வளவு இருக்கலாம்? இந்தியத் தர நிர்ணய அமைப்பின் 2012ஆம் ஆண்டுக் குடிநீர்த் தரம் (ஐ.எஸ். 10500), 500 மில்லிகிராம் வரை ஏற்கலாம் என்கிறது. வேறு நீர் கிடைக்காத இடத்தில் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்றும் அதே தரம் சொல்கிறது. 350 காட்டும் வீட்டில் உப்பை நீக்க இயந்திரம் எதற்கு?

நோயும் மருந்தும்

இப்படியெல்லாம் சொல்வதால் ஆர்.ஓ. ஒரு மோசடி என்று நான் சொல்வதாக எண்ணிவிடாதீர்கள். அது அருமையான கண்டுபிடிப்பு.

மாங்காயை நறுக்கி உப்பைத் தூவி வைத்தால் சற்று நேரத்தில் நீர் விடுகிறது. உலர்ந்த திராட்சையை நீரில் போட்டால் உப்பிக்கொள்கிறது. செறிவு குறைந்த பக்கத்திலிருந்து கூடிய பக்கத்துக்கு நீர் சவ்வு வழியே தானாகச் செல்வதே காரணம். 1748இல் நொல்லே என்ற பிரெஞ்சு விஞ்ஞானி பன்றியின் சிறுநீர்ப்பையைக் கொண்டு இந்தச் சவ்வூடு பரவலைக் கண்டார். செறிவு கூடிய பக்கத்தில் போதிய அழுத்தம் கொடுத்தால் நீர் எதிர்த்திசையில் செல்லும், உப்பு பின்தங்கிவிடும். இதுவே எதிர் சவ்வூடு பரவல். இதன் ஆங்கிலப் பெயரின் முதல் எழுத்துகளே ஆர்.ஓ.

இதற்கு ஏற்ற சவ்வை 1950களின் இறுதியில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் லோப் என்பவரும், இந்தியாவில் பிறந்த சௌரிராஜன் என்பவரும் உருவாக்கினர். 1965இல் அங்கே கோலிங்கா என்ற சிற்றூரில் உவர்ப்பான நிலத்தடி நீரைக் குடிநீராக்கும் நிலையம் இயங்கத் தொடங்கியது. சென்னைக்கு வடக்கே மீஞ்சூரில் 2010இலும், தெற்கே நெம்மேலியில் 2013இலும் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்கள் இதே முறையில் தொடங்கப்பட்டன. ஒவ்வொன்றும் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் தரும் திறனுடன் அமைக்கப்பட்டது.

கவனித்தீர்களா? கோலிங்காவில் நோய் தெரிந்திருந்தது: உப்பு. அதற்கு மருந்து வந்தது. நம் வீட்டுக்கு வரும் இளைஞரோ நோய் இன்னதென்று பார்க்காமலேயே எல்லா வீட்டுக்கும் ஒரே மருந்தைக் கொடுக்கிறார்.

தண்ணீருக்கு வரும் நோய்கள் பல. முதலாவது, கிருமி. வாந்திபேதி, டைபாய்டு, மஞ்சள்காமாலை ஆகியவை இவ்வழியே வருகின்றன. 1854இல் லண்டன் பிராட் தெருவில் காலரா பரவியபோது, ஒரு பொதுக் குழாயின் நீரே காரணம் என்று ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் கண்டறிந்தார். கிருமி உப்பு அன்று. அதைக் கொல்லக் குளோரின் போதும். புறஊதாக் கதிர் போதும். அடுப்பில் நீர் தளதளவென்று கொதித்தால் போதும். ஆர்.ஓ. சவ்வும் கிருமியைத் தடுக்கும், மறுக்கவில்லை. ஆனால் அதற்கு முன்னுள்ள கரி வடிகட்டி, நீரிலுள்ள குளோரினை நீக்கிவிடுகிறது. காவலாளியை அனுப்பிவிட்ட நீர் தொட்டியில் தங்குகிறது. தொட்டியையும் வடிகட்டியையும் காலாகாலத்தில் கவனிக்காவிட்டால் கிருமி அங்கேயே பெருகலாம்.

இரண்டாவது நோய், அளவுக்கு மீறிய உப்பு. கடலோர ஊர்களிலும் ஆழ்துளைக் கிணற்றை நம்பும் பல பகுதிகளிலும் இது உண்டு. மூன்றாவது, ஃபுளோரைடு, நைட்ரேட், ஆர்செனிக் போன்றவை. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுதி. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டிய நீரை ஆண்டுக்கணக்கில் குடித்தால் பற்களில் கறை படியும். அளவு இன்னும் மிகுந்தால் எலும்பும் பாதிக்கப்படும். இதற்குக் காய்ச்சுவது பயன்படாது. நீர் ஆவியாக ஆக ஃபுளோரைடின் செறிவு கூடவே செய்யும். இந்த இரண்டு நோய்களுக்கும் ஆர்.ஓ. நல்ல மருந்து. அத்தகைய ஊரில், வேறு நீர் இல்லாத வீட்டில், அந்த இயந்திரம் அவசியமே.

சாக்கடைக்குப் போகும் மூன்று லிட்டர்

மருந்துக்குப் பக்க விளைவு உண்டு. வீட்டு ஆர்.ஓ. இயந்திரத்தின் பின்புறம் ஒரு மெல்லிய குழாய் தொங்குகிறதே, அதைக் கவனித்ததுண்டா? சவ்வில் தங்கிய உப்பைக் கழுவிச் செல்லும் நீர் அதன் வழியே வெளியேறுகிறது. பல வீட்டு இயந்திரங்களில் ஒரு லிட்டர் குடிநீருக்கு ஏறக்குறைய 3 லிட்டர் இப்படிப் போகிறது.

இப்போது ஒரு கணக்கு. உங்கள் குழாய்த் தண்ணீரின் டி.டி.எஸ். 300 என்று கொள்வோம். நான்கு லிட்டரில் உள்ள உப்பு 1,200 மில்லிகிராம். ஆர்.ஓ. இயந்திரம் ஒரு லிட்டரை ஏறக்குறைய உப்பில்லாமல் பிரித்துத் தருகிறது. அந்த 1,200 மில்லிகிராமும் மீதி 3 லிட்டருக்குள் போகிறது. அதன் டி.டி.எஸ். எவ்வளவு? 400! குடிநீர்த் தரத்தின் 500க்கும் உட்பட்டது. உப்பு அதிகம் என்று சொல்லி நாம் கொட்டும் நீரில், உப்பு அளவுக்குள்தான் இருக்கிறது! இதைவிட விந்தை வேறு வேண்டுமா?

இன்னொரு கணக்கு. ஐந்து பேர் உள்ள வீட்டில் குடிக்கவும் சமைக்கவும் நாளொன்றுக்கு 20 லிட்டர் வேண்டும். வெளியேறுவது 60 லிட்டர். ஓர் ஆண்டில் 21,900 லிட்டர். 12,000 லிட்டர் கொள்ளும் தண்ணீர் லாரிகள் ஏறத்தாழ இரண்டு.

2019ஆம் ஆண்டுக் கோடையில் சென்னைக்கு நீர் தரும் ஏரிகள் வறண்டுபோயின. ஜூலை மாதத்தில் ஜோலார்பேட்டையிலிருந்து 50 தொட்டி வண்டிகள் கொண்ட ரயிலில், ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர் வீதம் சென்னைக்குத் தண்ணீர் கொண்டுவந்தார்கள். அந்த 25 லட்சத்தை 60ஆல் வகுத்துப் பாருங்கள். ஏறக்குறைய 42,000 வீடுகளின் ஆர்.ஓ. இயந்திரங்கள் ஒரே நாளில் கழித்துவிடும் நீர், ஒரு ரயில் நிறைய!

அதே 2019 மே மாதத்தில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், டி.டி.எஸ். 500க்குக் குறைந்த இடங்களில் ஆர்.ஓ. பயன்பாட்டைத் தடை செய்யுமாறு மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்துக்கு உத்தரவிட்டது. சட்டம் எப்படி அமைந்தாலும், மேற்சொன்ன கணக்கு நம் நோட்டுப் புத்தகத்தில் இருக்கிறது.

"ஆர்.ஓ. தண்ணீரில் சத்தே இல்லையாமே?" என்றும் சிலர் கேட்கிறார்கள். இதிலும் மிகைப்படுத்த வேண்டாம். நமக்கு வேண்டிய கால்சியத்தின் பெரும்பகுதி பாலிலும் கேழ்வரகிலும் கீரையிலும் இருந்தே கிடைக்கிறது. நீரிலிருந்து கிடைப்பது சிறு பங்குதான். ஆனால் போதிய பாலும் கீரையும் கிடைக்காத வீட்டில் அந்தச் சிறு பங்கையும் விலை கொடுத்து இழக்க வேண்டுமா என்பது கேள்வி.

"சுவையாக இருக்கிறதே!" என்பார்கள் வேறு சிலர். இருக்கலாம். அப்படியானால் அது விருப்பம் என்று சொல்லிவிடுவோம். விருப்பத்துக்கு வாங்குவது தவறில்லை. ஆனால் பிள்ளைகளின் உயிருக்கு ஆபத்து என்று அச்சமூட்டி, விருப்பத்தைத் தேவையாக மாற்றுவதுதான் தவறு.

எனக்குள்ள பெரிய கவலை

தண்ணீர் வீணாவதைவிடப் பெரிய கவலை ஒன்று எனக்குண்டு. ஒரு தெருவில் இருபது வீடுகள். குடிநீர்க் குழாயில் எங்கோ உடைப்பு, சாக்கடை கலக்கிறது. முன்பெல்லாம் இருபது வீட்டாரும் சேர்ந்து நகராட்சிக்குப் போய் முறையிடுவார்கள். இப்போது பதினைந்து வீட்டில் இயந்திரம் வந்துவிட்டது. அவர்களுக்குக் குழாயைப் பற்றிய அக்கறை போய்விடுகிறது. மீதி ஐந்து வீட்டின் குரல் யார் காதில் விழும்? அந்த ஐந்து வீட்டுக் குழந்தைகளும் உங்கள் வகுப்பில்தானே உட்கார்ந்திருக்கிறார்கள்?

தருமபுரி, கிருஷ்ணகிரி மக்களின் ஃபுளோரைடு துன்பத்துக்கு வீட்டுக்கு வீடு இயந்திரம் மட்டுமே வழி என்று விட்டுவிடவில்லை. காவிரி நீரையே கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் தொடங்கி வைக்கப்பட்டது. குழாய் நன்றாக இருந்தால் பணக்காரர், ஏழை என்ற வேறுபாடின்றி எல்லாருக்கும் நல்ல நீர். இயந்திரம் நன்றாக இருந்தால் வாங்கியவருக்கு மட்டும் நல்ல நீர்.

நீங்கள் செய்ய வேண்டியது

இயந்திரம் வாங்கும் பேச்சு வீட்டில் எழுந்தால், "வேண்டாம்" என்று சட்டென்று சொல்லாதீர்கள். "வேண்டும்" என்றும் சொல்லாதீர்கள். "முதலில் நம் தண்ணீரைப் பரிசோதிப்போம்" என்று சொல்லுங்கள். விற்பவரின் பரிசோதனை போதாது. விற்பனையோடு தொடர்பில்லாதவர் பரிசோதிக்க வேண்டும். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டங்களில் நீர்ப் பரிசோதனைக் கூடங்கள் உள்ளன. கட்டணம் செலுத்தினால் உப்பு, கடினத்தன்மை, ஃபுளோரைடு, நைட்ரேட் ஆகியவற்றின் அளவுகளைத் தனித்தனியே அறியலாம்.

கிருமி உண்டா என்று பார்க்க, 1982இல் இந்திய விஞ்ஞானிகள் எளிய முறை ஒன்றை வெளியிட்டார்கள். மருந்தூட்டிய தாள் உள்ள சிறு புட்டியில் நீரை நிரப்பி வெதுவெதுப்பான இடத்தில் வைக்க வேண்டும். மலக்கழிவு கலந்த நீரானால் ஓரிரு நாளில் கறுத்துவிடும். பள்ளி அறிவியல் மன்றமே இதைச் செய்யலாம். வாசலில் வந்து இதைச் செய்து காட்டுபவரை நான் இதுவரை பார்த்ததில்லை!

முடிவுகள் கைக்கு வந்ததும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். நம் நீரின் குறை என்ன? அந்தக் குறைக்கு மிகவும் எளிய மருந்து எது? அந்த மருந்தால் வேறு எவருக்காவது இழப்பு உண்டா? கிருமி மட்டுமே குறை என்றால் காய்ச்சி வடிகட்டி மண்பானையில் மூடி வையுங்கள். அகப்பையால் மொண்டு எடுங்கள். ஃபுளோரைடோ உப்போ மிகுதி என்றால் ஆர்.ஓ. இயந்திரத்தைத் தயங்காமல் வாங்கச் சொல்லுங்கள். வெளியேறும் நீரை வாளியில் பிடித்துத் தரை துடைக்கவும், கழிப்பறைக்கும் பயன்படுத்துங்கள். ஏற்கெனவே இயந்திரம் உள்ள வீடுகளிலும் இந்த வாளியை இன்றே வைக்கலாம்.

இந்த மூன்று கேள்விகளும் தண்ணீருக்கு மட்டும் உரியவை அல்ல. நாளை வேறொரு கருவியுடன் வேறொருவர் உங்கள் வாசலுக்கு வருவார். அப்போதும் இவை பயன்படும்.

நண்பர்களே, உங்கள் ஊர்க் குடிநீரின் பரிசோதனை முடிவை அறிந்து எங்களுக்கு எழுதி அனுப்புங்கள். எத்தனை வீடுகளுக்கு அந்த இயந்திரம் உண்மையிலேயே தேவை, எத்தனை வீடுகளுக்கு இல்லை என்பதை எல்லாரும் சேர்ந்து கணக்கிட்டுப் பார்ப்போம்.